கறுப்புக் காரின் நுரை

குளங்களில் சேறு அள்ளுவதற்கு ஓர் இயந்திரம் வேண்டுமென்று சிறுகுளப் பராமரிப்புச் சபையின் சுன்னாகம் அலுவலகம் பல வருடங்களாக மேலிடத்தைக் கேட்டு வந்தது. மேலிடம் அந்தக் கோரிக்கையைத் தீர ஆராய்ந்து, தொண்ணூறாம் ஆண்டு பிறந்த கையோடு, புத்தம் புதிய கறுப்புக் கார் ஒன்றை அனுப்பி வைத்தது.

பிரதேசப் பணிப்பாளர் திருவாளர் சோமசேகரம் அவர்கள் காரைக் கண்டதும் சேற்றை மறந்துபோனார். அவரில் பிழை சொல்ல ஏலாது. மாரிக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அப்படியொரு கறுப்பு. கிட்டப்போய் நின்றால், தலையில் மயிர் எவ்வளவு கொட்டிவிட்டது என்பது வரைக்கும் காட்டிக் கொடுத்துவிடும்.

காரைக் கொழும்பிலிருந்து ஓட்டி வந்தவர் சாரதி அடைக்கலநாதன். மயிலிட்டிக்காரர். சகோதரர்கள் எல்லாம் கடலுக்குப் போக, உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்கிற விதத்தைச் சின்ன வயதிலேயே கண்டு மனம் நொந்து, கரையோடு நின்றுவிட்டவர். வழியில் வவுனியாவில் ஒரு தரமும், ஆனையிறவில் ஒரு தரமும் காரை நிற்பாட்டித் தூசி தட்டினார். கூட வந்த உத்தியோகத்தருக்குத் தண்ணீர் விடாய்த்தபோது நிற்பாட்டவில்லை.

"கறுப்பு நிறம் லேசுப்பட்ட விசயமில்லை, சேர்," என்று அவர் வந்து இறங்கியதுமே பணிப்பாளருக்கு விளங்கப்படுத்தினார். "வெள்ளைக் கார் தூசியை மறைக்கும். கறுப்பு ஒண்டையும் மறைக்காது. காய்ஞ்ச துணியாலை துடைச்சால் மண் உரஞ்சிக் கீறல் விழும். முதல் தண்ணி ஊத்தி மண்ணை இறக்கவேணும். பேந்து சவுக்கார நுரை. மேலையிருந்து கீழை வரவேணும். வெயிலுக்கை வைச்சுக் கழுவினால் தண்ணிப் பொட்டுப் பிடிச்சிடும்."

"அப்ப நிழலிலை வைச்சுக் கழுவும்."

"நிழலிலை காகம் இருக்கும், சேர்."

பணிப்பாளர் யோசனையில் ஆழ்ந்தார். பதவியேற்ற நாளிலிருந்து அவர் இவ்வளவு ஆழத்துக்கு யோசித்தது அதுதான் முதல் தடவை.

காரோடு கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. கறுப்பு நிற உத்தியோக வாகனங்கள் யாவும் தினந்தோறும் காலையில் சவர்க்காரமிட்டுக் கழுவப்பட்டு, மெழுகிட்டு மினுக்கப்பட்டு, பார்ப்பவரின் முகம் தெளிவாகத் தெரியும் நிலையில் பேணப்படல் வேண்டும் என்று அது சொல்லியது. குளங்களை எந்த நிலையில் பேணவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் அதுவரை சொன்னதில்லை. ஆகவே அலுவலகம் காரைப் பேணத் தொடங்கியது.

ஆனி மாதம் சண்டை மூண்டது. கொழும்புப் பாதை மூடப்பட்டது. பெட்ரோல் கண்ணிலும் காணக் கிடைக்கவில்லை. கார் அலுவலக முற்றத்து மாமரத்துக்குக் கீழே நின்றது நின்றபடி.

"இனிக் கழுவத் தேவையில்லைத்தானே?" என்று பணிப்பாளர் பிரதம எழுதுவினைஞர் பாலேஸ்வரியிடம் கேட்டார். பாலேஸ்வரிக்குச் சட்டதிட்டம் எல்லாம் மனப்பாடம். தேவாரம் பாடும்போதும் பந்தி இலக்கம் சொல்லித்தான் தொடங்குவார் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு.

"ஓடுற கார் எண்டு சுற்றறிக்கையிலை இல்லை, சேர். கார் எண்டுதான் இருக்கு."

"நிக்கிற காரும் கார்தான் எண்டுறியள்?"

"வேறை என்ன எண்டு சொல்லுறது, சேர்?"

காரைக் கழுவுவது தொடர்ந்தது. ஹெலிகொப்டர் சுற்றத் தொடங்கியபோது, மினுங்குகிற சாமான் மேலேயிருந்து தெரிந்தால் ஆபத்து என்றார்கள். சுற்றறிக்கையோ மினுங்கவேண்டும் என்கிறது. பாலேஸ்வரி இரண்டையும் பொருத்தி ஒரு தீர்வு கண்டார். முகம் பார்க்கிறவர் பக்கத்தில் நின்றுதான் பார்ப்பார். ஆகவே கார் பக்கவாட்டில் மினுங்கினால் போதும். அதன்படி கூரைக்குத் தென்னோலைக் கிடுகு கட்டப்பட்டது. கதவுகள் மினுக்கப்பட்டன.

பணிப்பாளர் புத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்துத்தான் வந்தார். வந்து, சைக்கிளை அலுவலகத்துக்குப் பின்னால் சாத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு காரின் மற்றப் பக்கத்துக் கதவால் ஏறிப் பின் ஆசனத்தில் இருப்பார். அடைக்கலநாதன் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடிப்பார். பணிப்பாளர் இறங்கி அலுவலகத்துக்குள் போவார். உத்தியோகபூர்வ வாகனத்தில்தான் வரவேண்டும் என்பது விதி. அவர் விதி தவறாத மனிதர்.

குடாநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று அரசாங்கம் போட்ட தடைப் பட்டியலில் பெட்ரோலோடும் பற்றரியோடும் சவர்க்காரமும் இருந்தது. சவர்க்காரத்தால் எப்படி யுத்தம் செய்வது என்று எங்கள் ஆட்கள் பலவாறு யோசித்துப் பார்த்தார்கள். விளங்கவில்லை. எதிரி அழுக்காக இருந்தால்தான் சண்டை பிடிக்க மனம் வரும் என்று மேலிடம் நினைத்திருக்கலாம். சனம் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியால் உடுப்புத் தோய்த்தது. கொடியில் காயப்போட்ட சேலையின் வாசத்துக்கு மாடு வந்து முந்தானையைச் சப்பியது.

பணிப்பாளர் மேலிடத்துக்கு எழுதினார். மனிதருக்குச் சவர்க்காரம் கொடுப்பது பாதுகாப்புக்குக் குந்தகம். ஆனால் அரசாங்கச் சொத்து ஒன்று அழுக்காக நிற்பது அரசாங்கத்துக்கே இழுக்கு. மேலிடம் இந்த நுட்பத்தை உடனே விளங்கிக்கொண்டது. அடுத்த கப்பலில், 'கறுப்புக் கார், ஒன்று, அதன் பாவனைக்கு' என்று எழுதிய பெட்டிகளில் சவர்க்காரம் பருத்தித்துறையில் வந்து இறங்கியது. குடாநாட்டிலே சட்டப்படி சவர்க்காரம் வைத்திருந்த ஒரேயொரு சீவன் அந்தக் கார்தான்.

இதற்கிடையில் மயிலிட்டிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்திருந்தது. அடைக்கலநாதனின் மனைவி லூர்த்தம்மாவும் பிள்ளைகள் மூன்றும், அலுவலகத்துக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையைப் பல குடும்பங்களோடு பங்குபோட்டுக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சிரங்கு. ஒன்றுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் பரவி, விரல் இடுக்கெல்லாம் சீழ் கட்டிக் கிடந்தது. கடைசிப் பெட்டை சொறிந்து சொறிந்து அழுதாள்.

"இஞ்சேருங்கோ, அரைக் கட்டி கொண்டு வாங்கோவன்," என்றாள் லூர்த்தம்மா.

"உது காருக்கு வந்தது, லூர்து."

"காருக்குச் சிரங்கே?"

"கறுப்புக் கார். ஒருநாள் விட்டாலும் பார்க்கிறவைக்குத் தெரியும்."

"பிள்ளையளைப் பார்க்கிறவைக்கு ஒண்டும் தெரியேல்லையோ?"

அடைக்கலநாதன் களவெடுத்து அறியாத மனிதர். அதுமட்டும் என்றால் எப்படியோ சமாளித்திருப்பார். காருக்குக் குறைந்துபோகுமே என்ற பயமும் அவருக்கு இருந்தது. அதை மனைவிக்குச் சொல்லத்தான் வெட்கம். மறுநாள் காரைத் துடைக்கும்போது, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமலே துடைத்தார்.

அப்போதுதான் லூர்த்தம்மா மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு படலையைத் தள்ளித் திறந்து வந்தாள். பணிப்பாளர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு துண்டுச் சவுக்காரம் தாருங்கோ. இதுகளின்ரை கையைப் பாருங்கோ."

பணிப்பாளர் பார்த்தார். பொல்லாத மனிதரல்ல, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். முகம் சுருங்கியது. "நான் தரமாட்டன் எண்டில்லைப் பிள்ளை. அந்தச் சவர்க்காரம் முழுக்கக் காரின்ரை பேரிலை வந்தது. காரைத் தவிர வேறை ஆருக்கும் குடுத்தால் என்ரை உத்தியோகம் போயிடும்."

லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்தாள். காரின் கதவால் வடிந்த நுரை சில்லைச் சுற்றிக் குமிழிகட்டி, வாழையடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப உந்த நுரை ஆற்ரை சொத்து?"

பணிப்பாளர் பாலேஸ்வரியைப் பார்த்தார். பாலேஸ்வரி யன்னலுக்குள்ளால் நுரையைப் பார்த்தார்.

"சவர்க்காரக் கட்டி எங்கடை கையிருப்பிலை இருக்கு, சேர். பாவிச்சு முடிஞ்ச சாமான் கையிருப்பிலை இல்லை."

"அப்ப நுரை?"

"நுரையைப் பற்றிச் சுற்றறிக்கை ஒண்டுமே சொல்லேல்லை. சட்டப்படி பார்த்தால், சேர், அப்பிடியொரு சாமான் இல்லை."

இல்லாத சாமானை எடுத்துக்கொள்ள லூர்த்தம்மா ஆரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடைசிப் பெட்டையைத் தூக்கிப் பின் பம்பருக்குக் கீழே இருத்தினாள். அடைக்கலநாதன் ஒரு கணம் தயங்கினார். பிறகு கட்டியைக் காரின் பின்பக்கத்தில், தன் உத்தியோக வாழ்க்கையிலேயே தேய்க்காத தேய்ப்பாய்த் தேய்த்தார்.

விசயம் மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. அடுத்த நாள் விடிய, வாளியோடும் சட்டியோடும் சனம். பிறகு அதற்கொரு முறை வந்தது. ஆம்பிளைகள் முன்பக்கம், பொம்பிளைகள் சீலை கட்டி மறைத்த பின்பக்கம், கைக்குழந்தைகள் கதவடி. சில்லுகளுக்குக் கீழே உடுப்பு ஊறப்போட்டார்கள். கொஞ்சக் காலத்தில் பிள்ளைகளின் சிரங்கு ஆறத் தொடங்கியது. லூர்த்தம்மாவின் பெட்டை முதல் தடவையாக ஒரு பகல் முழுவதும் சொறியாமல் விளையாடினாள். அடைக்கலநாதன் அதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வந்து காரின் மூக்கைத் தடவிக் கொடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் நல்ல கதை. எங்கள் ஊரில் நல்ல கதை எதுவும் இதோடு நிற்பதில்லை.

சுன்னாகத்துப் பெரிய வீட்டுக்காரருக்கும் சவர்க்காரம் இல்லை. அகதிகள் வாசமாகவும் தாங்கள் பனங்களி மணத்தோடும் திரிவது அவர்களுக்கு மானப் பிரச்சினையாயிற்று. முதலில் வேலைக்காரரை அனுப்பினார்கள். பிறகு தாங்களே துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். "காரிலை குளிச்சிட்டு வாறன்" என்று சொல்வது ஒரு அந்தஸ்தாகிவிட்டது. கார் நுரையில் முழுகினால் தலைமயிர் கறுப்பாகும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கார் கறுப்புத்தானே என்று காரணமும் சொன்னார். கலியாணப் பேச்சில், பெண் வாரத்துக்கு எத்தனை தரம் காரில் முழுகுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள்.

கூடவே, ஆம்பிளை பொம்பிளை என்ற பழைய முறை போய் இன்னொன்று வந்தது. முன்பக்கத்து நுரை ஊர்க்காரருக்கு, பின்பக்கத்து நுரை இடம்பெயர்ந்தவர்களுக்கு என்று ஒரு பிரிவினை. ஒரே கட்டியில், ஒரே கையால் போட்ட நுரைதான். இருந்தும் பொனெற் நுரைக்கும் பம்பர் நுரைக்கும் தராதர வித்தியாசம் உண்டு என்பதை இருபக்கத்தாரும் ஏற்றுக்கொண்டார்கள். பின்பக்கத்தார் தங்களுக்குள்ளேயும் ஒரு பிரிவு வைத்தார்கள். இடது பக்கச் சில்லடி, வலது பக்கத்தை விடத் திறம் என்று லூர்த்தம்மாவே சொல்லத் தொடங்கினாள். அவளுடைய இடம் இடது பக்கம்.

ஒரு தரம் கழுவினால் இத்தனை பேருக்குக் காணாது. கார் நிற்கிற கார்; அதில் அழுக்குப் படுவதற்கு நியாயமில்லை. ஆகவே ஊர் அதற்கு உதவி செய்தது. பொடியள் போகிற போக்கில் செம்மண் அள்ளி எறிந்தார்கள். காகத்துக்குச் சோறு வைக்கிறவர்கள் சோற்றை வேலியில் வைக்காமல் காருக்கு மேலே வைத்தார்கள். காகங்கள் உண்டு, தங்கள் பங்கைச் செய்தன. பிறகு அலுவலகத்துக்கு முறைப்பாடுகள் வந்தன. 'அரசாங்கச் சொத்து ஒன்று பட்டப்பகலில் இவ்வளவு அசுத்தமாக நிற்பதைப் பார்த்து நாம் நெஞ்சம் பதறுகிறோம். உடனடியாகக் கழுவி உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம். இங்ஙனம், பொதுச்சொத்தை நேசிக்கும் பொதுமக்கள்.'

பணிப்பாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ் பாலேஸ்வரி, ஊரிலை இருக்கிற குளம் எல்லாம் தூர்ந்து போச்சு. இத்தனை வருசத்திலை ஒருத்தர் முறைப்பாடு எழுதினவரே? காருக்கு எழுதுகினம். எங்கடை சனத்துக்குப் பொறுப்புணர்ச்சி வந்திட்டுது."

காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று கழுவல் நடந்தது. அடைக்கலநாதன் மட்டும் மெலிந்துகொண்டு போனார்.

"சேர், கார் வெளுக்குது," என்று ஒருநாள் வந்து நின்றார். "கறுப்புப் போயிட்டுது. சாம்பல் பூத்தமாதிரிக் கிடக்கு. மெழுகும் இல்லை. கோயிலிலை மிஞ்சின மெழுகுதிரித் துண்டை உருக்கித் தேங்காயெண்ணெய் விட்டுப் பூசிப் பார்த்தன். எறும்பு ஏறுது. அதுக்கு ஒரு கிழமை ஓய்வு குடுங்கோ."

"பொதுமக்கள் கேக்கினம், அடைக்கலம்."

"உங்கடை முகம் அதிலை தெரியுதே எண்டு வந்து பாருங்கோ, சேர்."

பணிப்பாளர் போய்ப் பார்த்தார். மங்கலாக, ஆரோ ஒருவர் தெரிந்தார். "முகம் எண்டால் தெரியுது," என்றார். "ஆற்ரை முகம் எண்டு சுற்றறிக்கை கேக்கேல்லை."

அந்த வாரம்தான் டொக்டர் அருந்ததி வந்தார். அகதிமுகாம்களைப் பார்க்கிற அரசாங்க வைத்தியர். சைக்கிளில் புழுதி குடித்து வந்தவர். கரியரில் ஒரு கலன் கட்டியிருந்தது.

"மிஸ்டர் சோமசேகரம், இது பெட்ரோல். நிவாரணக்காரரிட்டைக் கெஞ்சி வாங்கினது. மாதாமாதம் தருவினம். நோயாளியளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சியை மாட்டு வண்டிலிலை ஏத்தினம். மருதனார்மடத்தடியிலை வண்டிலுக்குள்ளையே பிறந்திட்டுது. ஏதோ தாயும் பிள்ளையும் தப்பிச்சுது. உங்கடை காரைத் தாங்கோ."

எல்லாரும் பணிப்பாளர் மறுப்பார் என்றுதான் நினைத்தார்கள். அவர் பாலேஸ்வரியைப் பார்த்தார். பாலேஸ்வரி நெடுநேரம் யோசித்தார்.

"கார் ஓடக்கூடாது எண்டு ஒரு இடத்திலையும் இல்லை, சேர்."

"அப்ப எடுங்கோ, டொக்டர்," என்றார் பணிப்பாளர். தன் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததில் அவரே கொஞ்சம் வெலவெலத்துப் போனார்.

அடைக்கலநாதன் ஓடினார். கிடுகை அவிழ்த்தார், பெட்ரோலை விட்டார், பற்றரிக்கு ஏதேதோ செய்தார், நாலு பேரைப் பிடித்துத் தள்ளுவித்தார். கார் இருமியது. பிறகு உறுமியது. ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். மெல்லப் படலையடிக்கு வந்தால், அங்கே சனம்.

முன்பக்கத்தாரும் பின்பக்கத்தாரும் முதல் தடவையாகக் கலந்து நின்றார்கள். நடுவில், மண்ணில் கால் நீட்டி இருந்தவள் லூர்த்தம்மா.

"எழும்பு லூர்து, கார் போகவேணும்!"

"எனக்கு மேலாலை விட்டுக்கொண்டு போங்கோ."

டொக்டர் முன்னுக்கு வந்தார். "அம்மா, இது நோயாளியளுக்கு. உங்கடை ஆக்களுக்குத்தான்."

"என்ரை பிள்ளையளுக்குச் சிரங்கு மாறினது மருந்தாலையோ, நுரையாலையோ, டொக்டர் அம்மா?"

"நுரையாலைதான். ஆனால் கார் ஓடினால் இன்னும் அழுக்குப் படும். இன்னும் கழுவலாம்தானே?"

இதற்குத் துவாயோடு நின்ற பெரியவர் ஒருவர் பதில் சொன்னார். "எங்கை வைச்சுக் கழுவுவினம்? போற இடத்திலை கழுவுவினம். நுரை யாழ்ப்பாணத்துக்குப் போயிடும். நாங்கள் என்ன செய்யிறது?"

"சாகக் கிடக்கிறவையை என்ன செய்யிறது?"

"மாட்டு வண்டில் இருக்குத்தானே, டொக்டர். ஆளை வண்டிலிலை ஏத்தலாம். வண்டிலைச் சவுக்காரம் போட்டுக் கழுவ ஆர் விடுவினம்?"

சனம் ஓம் ஓம் என்றது. அதற்குள்ளே, போன கிழமை வண்டிலில் பிள்ளை பெற்றவளும் நின்றாள். கைக்குழந்தையோடு, கதவடி நுரைக்கு வந்திருந்தாள். அவளும் ஓம் என்றாள். பணிப்பாளர் இரு கைகளையும் விரித்தார். மக்களின் விருப்பத்துக்கு எதிராக ஓர் உத்தியோகத்தர் நடக்கலாகாது என்று அவருக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. கார் பின்னுக்குப் போய் மாமரத்தடியில் நின்றது. எஞ்சினை நிற்பாட்ட அடைக்கலநாதனுக்குக் கை வரவில்லை. பாலேஸ்வரிதான் போய்த் திறப்பைத் திருப்பினார்.

டொக்டர் அருந்ததி படியில் இருந்துவிட்டார். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் பனங்களிப் பிசின். காலையில் ஒரு பிள்ளையின் சீழ்க்கட்டைக் கீறிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசிய கை. அலசிவிட்டு அடுத்த பிள்ளையைத் தொட்டிருந்தார்.

"இனி எத்தினை மணிக்குக் கழுவுவியள்?" என்று மெல்லக் கேட்டார்.

"பின்னேரம், டொக்டர்," என்றார் பாலேஸ்வரி. "உங்களுக்குப் பொனெற் பக்கம் தரலாம்."

அடுத்த கிழமை டொக்டர் தன் கிளினிக்கை அலுவலக முற்றத்துக்கே மாற்றிக்கொண்டார். நுரை கிடைக்கிற இடத்தில்தான் சுத்தமாக வைத்தியம் பார்க்கலாம் என்பது நியாயந்தானே. கட்டுகள் கீறினார், புண் கழுவினார், பிரசவமும் பார்த்தார். கார் நோயாளிகளிடம் போகாதபடியால் நோயாளிகளைக் காரிடம் கொண்டுவந்தார்கள். மாதாமாதம் வந்த பெட்ரோலில், முன்பு சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி ஏற்றி, பெட்ரோல் இல்லாமல் முடங்கிக் கிடந்த சீவரத்தினத்தின் பழைய வான் ஓடியது. அது என்ன நிறம் என்று சீவரத்தினத்துக்கே தெரியாது. வருத்தம் கடுத்த நோயாளிகளைச் சுமந்துகொண்டு அது இரவு பகல் பாராமல் யாழ்ப்பாணம் போய் வந்தது.

ஒருநாள் அந்த வானில் வந்து இறங்கிய கிழவி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு டொக்டரிடம் வந்தாள். "பிள்ளை, வானுக்குள்ளை இருக்கேலாமல் கிடக்கு. இரத்தமும் நோயாளியள் எடுத்த சத்தியும் காய்ஞ்சு ஒரே நாத்தம். அதையும் ஒருக்காச் சவுக்காரம் போட்டுக் கழுவினால் என்ன?"

முழங்கை வரைக்கும் நுரையோடு நின்ற டொக்டர் அருந்ததி, நிமிர்ந்து வானைப் பார்த்தார். காரைப் பார்த்தார். யன்னலுக்குள் பாலேஸ்வரி இருக்கிறாரோ என்றும் ஒருக்கால் பார்த்துக்கொண்டார்.

"அது அரசாங்கச் சொத்தில்லை, அம்மா," என்றார். "அதுக்குச் சுற்றறிக்கை ஒண்டும் வரேல்லை."